புதுப்பிப்பு: கல்லூரி வேலையை விட்டு ஓவியத்துக்கு வந்தது

போன ஆண்டு கேட்டிருந்தேன்: தனியார் கல்லூரியில் 11 ஆண்டு இயற்பியல் ஆசிரியர், வீடு ராயபுரம், வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படம் வரையலாமா, பணத்துக்கு என்ன வழி? பதில் சொன்னவர்களுக்கு நன்றி. விட்டுவிட்டேன்.

'பணிக்கொடையை (கிராஜுவிட்டி) கேட்டு வாங்குங்கள்' என்ற யோசனைதான் காப்பாற்றியது. ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்றது கல்லூரி அலுவலகம். பணிக்கொடைச் சட்டத்தின் 2009 திருத்தத்தின்படி உண்டு, அது 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்று எழுதிக் கொடுத்தேன். கணக்கு: கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்கினேன். நாலு மாதம் இழுத்தடித்துத்தான் வந்தது.

கவின்கலைக் கல்லூரியில் மறுபடி பட்டப்படிப்பு என்பது எனக்குச் சரிப்படவில்லை, நாலு ஆண்டு. கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி என்ற மத்திய அரசுக் கலை அமைப்பின் அச்சோவியக் கூடத்தை (தகட்டில் செதுக்கி, மை தடவிப் படத்தை அச்செடுக்கும் இடம்) சொன்னவருக்குத் தனி நன்றி. அச்சு இயந்திரம் சொந்தமாக வாங்கும் செலவு மிச்சம்.

எதிர்பாராதது காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியற்காலை மீன் ஏலத்தில் நின்று வரைகிறேன். வகுப்பில் நான் திருத்துவேன், இங்கே என்னைத் திருத்துகிறார்கள். கூடைக்கார அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், வஞ்சிரத்துக்கு வாலு இப்டியா கீது?" என்றார். மீனைத் தூக்கி நோட்டின் மேலேயே வைத்துக் காட்டினார். நல்ல பிறைபோல் பிளந்த வால். நான் வரைந்திருந்தது துடைப்பம். அந்தப் பக்கத்தில் ஒட்டிய செதில் இன்னும் இருக்கிறது.

படம் இதுவரை இரண்டுதான் விற்றிருக்கிறது. சாயங்கால டியூஷனை விடவில்லை.