கொரியாவுல பிறப்பு 1983-லயே குறைஞ்சிருச்சு, ஜனத்தொகை மட்டும் எப்படி 2020 வரைக்கும் ஏறுச்சு?

மழைத்துளி:
தென் கொரியா பத்தி படிச்சிட்டு இருந்தேன், ஒரு விஷயம் மண்டையில ஏறவே மாட்டேங்குது. ஒரு பொண்ணுக்கு சராசரியா 2.1 குழந்தை பிறந்தா தான் ஜனத்தொகை குறையாம நிக்கும்ங்கிறாங்க. அங்க 1983-லயே அதுக்கு கீழ போயாச்சு, ஆனா மொத்த ஜனத்தொகை 2020 வரைக்கும் ஏறிக்கிட்டே தான் இருந்திருக்கு. எப்படிங்க இது? தெரிஞ்சவங்க கொஞ்சம் புரியிற மாதிரி சொல்லுங்க.

வடக்குவாசல்:
தலைக்கு எத்தனை குழந்தைங்கிறது வேற, பெத்துக்குற வயசுல எத்தனை பேர் இருக்காங்கங்கிறது வேற நண்பா. 1960-ல அங்க ஒரு பொண்ணுக்கு கிட்டத்தட்ட ஆறு குழந்தை. அந்தக் கூட்டம் தான் 80-கள்ல கல்யாணம் பண்ணுச்சு, ஆளுக்கு ஒண்ணோ ரெண்டோ தான் பெத்தாங்க ஆனா பெத்தவங்க அத்தனை பேரு இல்லையா, அதனால மொத்தமா பாத்தா பிறப்பு நிறைய. வயசானவங்க அப்ப கொஞ்ச பேரு தான், ஆயுசும் 1970-ல 62 இருந்தது இப்ப 83-ஐ தாண்டியாச்சு, அதனால சாவும் கம்மி. 2020-ல தான் முதல் தடவையா பிறப்பை விட சாவு அதிகமாச்சு.

செவ்வந்தி:
இதே கணக்கு இறங்கும்போதும் வேலை செய்யும், அது தான் எனக்கு பயமே. 2023-ல ஒரு பொண்ணுக்கு சராசரியா 0.72 குழந்தை தான். நூறு ஆம்பள நூறு பொம்பளன்னு வச்சுக்கங்க, அவங்களுக்கு 72 குழந்தை, அதுல பொண்ணு ஒரு 35, அந்த 35 பேரும் இதே ரேட்ல பெத்தா 25. அதாவது 200 பேருக்கு பேரப்பிள்ளைங்க 25 பேரு தான். 1970-ல வருஷத்துக்கு 10 லட்சம் பிறந்த நாட்டுல 2023-ல பிறந்தது 2.3 லட்சம். நாளைக்கே எல்லாரும் ரெண்டு பெத்துக்கிறோம்னு கிளம்பினா கூட அம்மா ஆகுறதுக்கு ஆளே பத்தாது.

எனக்கு ஆத்திரம் என்னன்னா, 83-லயே 2.1-க்கு கீழ போயும் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்தை நிறுத்தல, ஒண்ணே போதும்னு தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கொள்கையை மாத்தினது 1996-ல, குறைஞ்ச பிறப்பை சமாளிக்க சட்டம் வந்தது 2005-ல. இப்ப காசு குடுக்குறாங்க சரி, ஆனா சியோல்ல வீட்டு விலை, ராத்திரி பத்து மணி வரைக்கும் நடக்குற ஹாக்வான் டியூஷன் செலவு, பிள்ளை பெத்துட்டு வந்தா வேலையில பின்தங்கிப் போறது, இதெல்லாம் அப்படியே இருக்கும்போது பொண்ணுங்க மேல பழி போடுறது அநியாயம்ங்க.

மழைத்துளி:
இப்ப தெளிவாயிடுச்சு, ரெண்டு பேருக்கும் நன்றி. ஆனா 2024-ல 0.75-ஆ ஏறியிருக்கே, அது நல்ல அறிகுறி தானே?

வடக்குவாசல்:
சந்தோஷமான விஷயம் தான், ஆனா அதை வச்சு நிம்மதி ஆயிடாதீங்க. கொரோனாவுல தள்ளிப்போன கல்யாணம் கொஞ்சம், அதோட 1991-லேர்ந்து 95 வரைக்கும் வருஷம் 7 லட்சத்துக்கு மேல பிறந்தாங்க, அவங்க தான் இப்ப முப்பதை தொட்டு நிக்கிறாங்க. 2002-ல பிறந்தது 5 லட்சத்துக்கும் கம்மி, அவங்க கல்யாண வயசுக்கு வர்றதுக்குள்ள ஏதாவது செஞ்சா தான் உண்டு. இன்னொன்னு, 1990-ல அங்க 100 பொண்ணுக்கு 116 பையன் பிறந்தாங்க, ஸ்கேன் பாத்து பொண்ணுன்னா கலைச்ச காலம் அது. அன்னைக்கு பிறக்க விடாத பொண்ணுங்க இருந்திருந்தா இன்னைக்கு அவங்களுக்கும் இதே முப்பது சொச்சம் வயசு தான் ஆகியிருக்கும்.