மறு: டூர் ப்ரோமோவுக்குத் தமிழ்ச் சொல்: ‘கட்டியம்’ சரிவருமா?

வணக்கம். ஓர் இசைக்குழு ஊர் ஊராக நடத்தப்போகும் நிகழ்ச்சிகளுக்கு ஆளைக் கூப்பிடும் சின்னக் காணொளிதான் டூர் ப்ரோமோ. அதைத் தமிழில் ‘கட்டியம்’ எனலாமா என்ற பேச்சில் வந்த கேள்வி இது:

> ‘முன்னோட்டம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. திரைப்பட முன்னோட்டம், எடுத்து வைத்த படத்திலிருந்து வெட்டப்படுவது. ஓர் இசைக்குழுவின் டூர் ப்ரோமோவுக்கு அப்படி ஒரு படமே கிடையாது. நிகழ்ச்சி இனிமேல்தான் நடக்கப்போகிறது. எடிட்டர் கையில் இருப்பதெல்லாம் பழைய மேடைகளின் ஃபுட்டேஜ், ஒத்திகையில் எடுத்த சில ஷாட்டுகள், சவுண்ட் டெஸ்கிலிருந்து, அதாவது மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் பலகையிலிருந்து, வாங்கிய ஒலிப்பதிவு. டெஸ்க் பதிவில் குரல் சுத்தமாக இருக்கும், ஆனால் கூட்டமே இல்லாத மாதிரிக் கேட்கும். கூட்டத்தைப் பார்த்து வைத்த மைக்கின் ஒலியைக் கொஞ்சம் கலந்த பிறகுதான் அரங்கம் காதில் விழும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால், கேமராவின் ஷட்டர் வேகம் அந்தத் திரையோடு ஒத்துப்போகாத ஷாட்டுகளில் கருப்புப் பட்டைகள் ஓடும். அவற்றை ஒதுக்க வேண்டும். மிச்சத்தை வைத்துத்தான் இன்னும் நடக்காத ஓர் இரவுக்கு ஆளைக் கூப்பிடுகிறோம். ‘முன்னோட்டம்’ என்ற சொல்லில் இந்தக் கூப்பிடுதல் இல்லை.

‘விளம்பரப் படம்’ சோப்புக்கும் பொருந்தும். ‘சுற்றுலாக் காணொளி’ என்றால் மலையும் அருவியும்தான் நினைவுக்கு வரும். கலைஞர் ஊர் ஊராகப் போய் மேடையேறுவது சுற்றுலா இல்லை, கலைப்பயணம்.

என் பரிந்துரை: கட்டியம், அதாவது ஒருவர் வருவதற்கு முன் அவர் வருகையைப் புகழ்ந்து அறிவிப்பது. தெருக்கூத்தில் ராஜா வேஷம் வருவதற்கு முன்பே கட்டியக்காரன் வந்துவிடுகிறான். யார் வருகிறார், எப்படிப்பட்டவர் என்று சொல்லிக் கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைக்கிறான். ப்ரோமோ செய்வதும் இதையேதான். ‘கட்டியம் கூறுதல்’ இன்றும் கட்டுரைகளில் சாதாரணமாகப் புழங்குகிறது, அகராதியிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியதில்லை. அரசவைத் துதி வாடை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவைக் கட்டியத்துக்கு அது சரி. கூத்துக் கட்டியக்காரனோ ராஜாவையே கேலி பேசுகிறவன், பார்க்க வந்தவர்களோடு பேச்சுக் கொடுக்கிறவன். எனக்குப் பிடித்ததே அந்த நெருக்கம்தான்.

இன்னொரு காரணம், சொல் கிளைவிட வேண்டும். எடிட்டர் ஏற்பாட்டாளரோடு போடும் ஒப்பந்தத்தில் “ஒரு ப்ரோமோ” என்று மட்டும் எழுதினால் தகராறு அங்கேயே முளைக்கிறது. 60 நொடிப் படம், அதிலிருந்து 30, 15 நொடித் துண்டுகள், ஒவ்வொரு ஊருக்கும் தேதி மாற்றிய கடைசி அட்டை (படம் முடியும்போது வரும் எழுத்துத் திரை), எல்லாமே அந்த ஒன்றுக்குள் அடக்கம் என்று ஏற்பாட்டாளர் நினைத்துக்கொள்வார். முதற்கட்டியம், குறுங்கட்டியம், ஊர்க்கட்டியம் என்று பிரித்து எழுதினால் யாருக்கும் குழப்பம் இல்லை. 16:9 என்ற அகலச் சட்டத்தில் வெட்டியதை, கைபேசிக்கான 9:16 நெடுக்குச் சட்டத்துக்கு மாற்றுவதும் பொத்தானை அமுக்கும் வேலை இல்லை. இடப்பக்கம் கிதார் வாசிப்பவர், வலப்பக்கம் டிரம்மர் என்று ஒரு ஷாட் இருந்தால், நெடுக்குச் சட்டத்தில் ஒருவர் காணாமல் போவார். ஷாட்டுக்கு ஷாட் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும், எழுத்துகளையும் இடம் மாற்ற வேண்டும். ஆகவே ‘நெடுக்குக் கட்டியம்’ என்பதையும் ஒப்பந்தத்தில் தனி வரியாகவே எழுத விரும்புகிறேன்.

ஒப்பந்தத்தில் வரும் இன்னொரு சொல், ஃப்ரீலான்ஸர், அதாவது தனியாக வேலை எடுத்துச் செய்யும் எடிட்டர் போன்றவர். அதற்கு ‘தன்னுரிமையாளர்’ வேண்டாம். படத்தின் உரிமையை ஏற்பாட்டாளருக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறவரைப் பல ஒப்பந்தங்களில் பார்க்கலாம். அவரைத் தன்னுரிமையாளர் என்பது பொருந்தாது. ‘சுயாதீன’ என்றால் சுயாதீனத் திரைப்படம் ஞாபகம் வருகிறது. ‘தனிப்பணியாளர்’ போதும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஆஃப்டர்மூவி. விழா முடிந்தபின் வரும் படம். வந்தவர்களுக்கு நினைவு, வராதவர்களுக்கு அடுத்த ஆண்டுக்கான அழைப்பு. ‘நினைவுப்படம்’ என்றால் இரங்கல் தொனி ஏறிவிடுகிறது. ‘மீளோட்டம்’ என்று யோசித்தேன். முன்னோட்டத்தோடு சந்தம் ஒத்துப்போகிறது, ஆனால் மறு ஒளிபரப்பு என்று படித்துவிடுவார்களோ என்ற சந்தேகம் தீரவில்லை.

தனிப்பணியாளர்களுக்கான ஒப்பந்த மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கட்டியம்’ பற்றி மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ஆஃப்டர்மூவிக்கு நல்ல சொல் தோன்றினால், அதை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள். எடிட்டர் ஏற்பாட்டாளரிடம் போனில் சொல்கிற மாதிரி வாக்கியமாக இருந்தால் நல்லது.

அன்புடன்