எச் எழுத்துப் பாட்டுக் கேசட்: பி பக்கத்தை நிரப்ப உதவுங்கள்

பூண்டி டேப்டெக்:
வணக்கம். 1986 முதல் பத்து வருஷம் எங்கள் அண்ணன் திருத்துறைப்பூண்டியில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குப் போய்விடுவேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டெக்கில் நாடா உரசும் ஹெட்டைத் துடைப்பதும், அட்டையில் பாட்டுப் பெயர் எழுதுவதும் என் வேலை.

அண்ணனுக்கு ஆங்கிலப் பாட்டு என்றால் உயிர். வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பும் முத்துப்பேட்டை சபுராளிகள் கொண்டுவரும் கேசட்டுகளிலிருந்து தனக்கென்று எழுத்து வாரியாகப் பதிந்து வைப்பார். 1989 பொங்கலுக்குப் பதிந்தது எச். கடைக்கு வருகிறவர்கள் சீட்டில் 'ஓட்டல் கலிபோர்னியா', 'ஏ ஜூட்', 'அலோ' என்றுதான் எழுதித் தருவார்கள். தமிழில் பார்த்தால் மூன்றும் மூன்று வேறு எழுத்தில் தொடங்கும். அதனால் ஆங்கில எழுத்துதான் கணக்கு என்பார் அண்ணன்.

2018இல் கஜா புயல் எங்கள் வீட்டு ஓட்டைப் பிரித்துக்கொண்டு போனதில் அந்தக் கேசட் நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. அட்டையில் ஏ பக்கம் மட்டும் படிக்க முடிகிறது: ஹே ஜூட், ஹோட்டல் கலிபோர்னியா, லயனல் ரிச்சியின் ஹலோ, பீட்டில்ஸின் ஹெல்ப், எல்விஸின் ஹார்ட்பிரேக் ஹோட்டல், ரே சார்லஸின் ஹிட் த ரோட் ஜாக், பீ ஜீஸின் ஹவ் டீப் இஸ் யுவர் லவ். முதல் இரண்டுமே கிட்டத்தட்ட 14 நிமிடத்தைத் தின்றுவிடும். கூட்டிப் பாருங்கள், 28 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். பக்கத்துக்கு 30 நிமிடம். எந்தப் பாட்டும் பாதியில் அறுபடக் கூடாது. அதில் அண்ணன் ரொம்பக் கறார்.

வைகாசியில் அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அதற்குள் அந்தக் கேசட்டை மறுபடி பதிந்து அவர் கையில் கொடுக்க வேண்டும். பழைய டெக்கைச் சரி பண்ணிவிட்டேன். பிரிக்காத 60 நிமிடக் கேசட்டும் ஒன்று இருக்கிறது. பி பக்கத்தில் என்னென்ன இருந்திருக்கும்?

காவேரிக்கரை:
தம்பி, கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். அந்தக் காலத்துக் கேசட் என்றால் ஹாவ் யூ எவர் சீன் த ரெயின் இல்லாமல் இருக்காது. 1971இல் வந்தது, இரண்டே முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழு உடையப் போகிற நேரத்து மனக்கஷ்டத்தில் ஜான் ஃபோகர்ட்டி எழுதிய பாட்டு. அதை அடுத்து ஜார்ஜ் ஹாரிசனின் ஹியர் கம்ஸ் த சன் போடுங்கள். எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து, குளிர்காலம் விலகிய சந்தோஷத்தில் எழுதினாராம். எங்களுக்கு அது ஐப்பசிப் பாட்டு. நட்ட சம்பா தண்ணீரில் முங்கி, பத்து நாள் கழித்து வெயில் முகம் காட்டும்போது என் அப்பா வரப்பில் நிற்பார் பாருங்கள், அந்த முகம்தான் இந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு ஞாபகம் வரும். மழைக்குப் பின்னால் வெயில். வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

மன்னை இளையவன்:
மைக்கேல் ஜாக்சனின் ஹீல் த வேர்ல்டை விட்டுவிட்டீர்களே அண்ணே. அப்புறம் பீட்டில்ஸின் எ ஹார்ட் டேஸ் நைட்?

நாகை வானொலி:
ஹீல் த வேர்ல்ட் 1991இல்தான் வந்தது. 1989 பொங்கல் கேசட்டில் எப்படி இருக்கும்? இன்னொன்றின் தலைப்பு 'எ'யில் தொடங்குகிறது. அதைத் தள்ளிவிட்டு எச் என்று சேர்ப்பதானால் தம்பியின் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும்.

அதே கேள்வி த ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்னுக்கும் உண்டு. ஆனால் பட்டியல் போடும்போது முன்னால் நிற்கும் 'த'வைக் கணக்கில் எடுக்காதது நூலகத்திலும் இருக்கிற வழக்கம். அதனால் அது எச் தான் என்பேன். யார் எழுதியது என்றே தெரியாத பழைய நாட்டுப்பாட்டு. 1964இல் அனிமல்ஸ் குழு பாடி இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் முதலிடம் பிடித்தது. நாகையில் எங்கள் தெருவில் சிலோன் ரேடியோ உள்ளூர் நிலையம் மாதிரி தெளிவாகக் கேட்கும். அதன் ஆங்கில ஒலிபரப்பில்தான் இதை முதலில் கேட்டேன். அந்தக் கிதார் தொடக்கத்தைக் கேட்டதும் கையில் இருந்த சோற்றை வாயில் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நாலரை நிமிடப் பதிவைப் போடுங்கள். குறுக்கிய பதிவும் ஒன்று உண்டு, அது வேண்டாம்.

நீல் யங்கின் ஹார்ட் ஆஃப் கோல்ட் (1972), எல்விஸின் ஹவுண்ட் டாக் (1956), டோட்டோவின் ஹோல்ட் த லைன் (1978) மூன்றும் கணக்குக்கு உதவும். எல்விஸுக்கு முன்பே ஹவுண்ட் டாக்கைப் பாடியவர் பிக் மாமா தோர்ன்டன். முடிந்தால் அதையும் ஒருமுறை கேளுங்கள்.

பூண்டி டேப்டெக்:
எல்லோருக்கும் நன்றி. அண்ணனுக்குத் தெரியாமல் அண்ணிக்குப் போன் போட்டேன். பெயர் தெரியாது, ஆனால் மெட்டு ஞாபகம் இருக்கிறது என்று பாடியே காட்டினார்கள். போனி எம் குழுவின் ஹூரே ஹூரே, 1979இல் வந்த விடுமுறைப் பாட்டு! கல்யாணமாகி வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் அதுதான் ஓடுமாம்.

மழை, வெயில் என்று காவேரிக்கரை அக்கா சொன்ன வரிசையிலேயே தொடங்குகிறேன். அப்புறம் ரைசிங் சன், ஹார்ட் ஆஃப் கோல்ட், ஹவுண்ட் டாக், ஹோல்ட் த லைன், அண்ணியின் பாட்டு. கடைசியில் பீட்டில்ஸின் ஹலோ குட்பை. மன்னைத் தம்பி மன்னிக்கணும், அந்த இரண்டையும் சேர்க்கவில்லை. கூட்டினால் சுமார் 27 நிமிடம். இன்னொரு பாட்டை நுழைத்தால் அறுபடும் என்று அண்ணியிடம் சொன்னேன்.

"அதான் உங்க அண்ணன் கடைசியில நாயனம் வச்சிருப்பாரே" என்றார்கள்.

மறந்தே போயிருந்தேன். வெற்று நாடா இரைவது அண்ணனுக்குப் பிடிக்காது. எந்தக் கேசட்டாக இருந்தாலும் மிச்ச இடத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கொஞ்சம் விட்டு, நாடா தீரும் முன் ஒலியை மெல்லத் தணித்து முடிப்பார். தோடி ஒலித்தட்டு இங்கே ஒருவர் வீட்டில் இருக்கிறது. நாளைக் காலை போய் வாங்கி வருகிறேன்.