ஹை பிரீஸ்டஸ் அட்டையா இது? தூண்கள் இடம் மாறித் தெரிகின்றன

வெறுங்கால்

ரொம்ப நாளாகச் சும்மா படித்துவிட்டுப் போகிற ஆள் நான், இதுதான் முதல் கேள்வி, நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தியானத்தில் உட்காரத் தொடங்கி எட்டு மாதம் இருக்கும். போன மூன்று வாரத்தில் ஒரே காட்சி மூன்று தடவை வந்துவிட்டது. கனவு இல்லை, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்துதான் இருக்கிறேன், வெளிச் சத்தமெல்லாம் காதில் விழுகிறது. ஒரு மண்டபத்தின் வாசல். இரண்டு பக்கமும் தூண், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் முதுகுதான் தெரிகிறது. தரை முழுக்கத் தண்ணீர் பளபளக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் நனையவே இல்லை, சில்லென்று வழவழப்பான கல். மூன்றாவது தடவை மட்டும் அவர் மடியிலிருந்து சாவிக்கொத்து மாதிரி ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, அதோடு கண் திறந்துவிட்டேன்.

தேடிப் பார்த்ததில் டாரட் என்ற குறிபார்க்கும் சீட்டுக்கட்டில் ஹை பிரீஸ்டஸ் (தலைமைப் பூசாரிணி) அட்டை அப்படியே இருக்கிறது. இரண்டு தூண், நடுவில் பெண், பின்னால் திரை, காலடியில் பிறை. ஆனால் அட்டையில் கறுப்புத் தூண் நமக்கு இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம் தெரிந்தது. கபாலா என்ற யூத மறைஞான மரபின் மர வரைபடத்தில் இந்த அட்டைக்குக் கிமெல் என்ற எபிரெய எழுத்து என்று ஓர் இடத்தில், பேத் என்று இன்னோர் இடத்தில். எது சரி? தூண்கள் மாறித் தெரிந்ததற்கு அர்த்தம் உண்டா? தலைகீழாக விழுந்த அட்டை மாதிரி கெட்ட குறியா?

கிமெல்13

முதலில் பயப்படாதீர்கள், கெட்ட குறி எல்லாம் இல்லை. அருமையான காட்சி, எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

எழுத்து கிமெல்தான். மரத்தில் பதின்மூன்றாவது பாதை, உச்சியில் இருக்கும் கேதர் என்ற வட்டத்திலிருந்து நடுவில் இருக்கும் திஃபெரெத் என்ற வட்டத்துக்கு நேராக இறங்குகிறது. மரத்தின் மிக நீளமான பாதை இதுதான், வழியில் பாதாளப் பிளவு ஒன்றைத் தாண்ட வேண்டும். கிமெல் என்றால் ஒட்டகம், தண்ணீரே இல்லாத இடத்தைக் கடக்கிற மிருகம். உங்கள் தரையில் தண்ணீர் மாதிரி தெரிந்தது தண்ணீர் இல்லை என்று சொல்கிறீர்களே, இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

தூண்கள் மாறியதற்கு எளிய விளக்கம் இருக்கிறது. அட்டையில் அவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் பார்த்தது முதுகு. அவருக்குப் பின்னால் நின்று பார்த்தால் கறுப்பு வலப்பக்கம்தானே வரும்! அப்படியென்றால் நீங்கள் திரைக்கு அந்தப் பக்கம், உள்ளே நிற்கிறீர்கள். மாதுளம்பழம் வரைந்த அந்தத் திரையை எல்லாரும் வெளியிலிருந்துதான் பார்ப்பார்கள்.

சாவி ஐந்தாம் அட்டையில், ஹைரோஃபன்ட் காலடியில் குறுக்காகக் கிடக்கிறது. ஒரு அட்டை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்வேன். அடுத்து அந்த அட்டையை வைத்து உட்காருங்கள்.

பழைய_அட்டை

கிமெல்13 சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் 'கபாலா' எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம்தான்.

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாக வந்தது. மொத்தம் 78 அட்டை, அதில் 22 துருப்பு. இந்த இரண்டாம் அட்டை அப்போது பூசாரிணி கிடையாது, பெண் போப்பாண்டவர். கறுப்பு வெள்ளைத் தூணும் அன்றைக்கு இல்லை. கபாலாவின் பெரிய நூலான ஸோஹார் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் வெளிவந்தது, அதில் சீட்டுக்கட்டைப் பற்றி ஒரு வரிகூட இருக்க வழியில்லை. எபிரெய எழுத்தும் 22, துருப்பும் 22 என்று 1781இல் பிரான்சில் அச்சான ஒரு நூலில்தான் முடிச்சுப் போட்டார்கள். எழுத்துகளை பைபிளில் சங்கீதம் 119 படித்தவர்களுக்குத் தெரியும், ஆலெப், பேத், கிமெல் என்று எட்டெட்டு வசனத்துக்குத் தலைப்பாக வரும்.

இரண்டு பதில் வந்தது ஏன் என்று கேட்டீர்கள். 1850களில் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சு மாயவித்தை எழுத்தாளர் முதல் அட்டையான மந்திரவாதிக்கு ஆலெப் என்று தொடங்கினார், அதனால் இரண்டாவதுக்கு பேத். எண் இல்லாத முட்டாள் அட்டையைக் கொண்டுபோய்க் கடைசிக்குச் சற்று முன்னால், ஷீன் எழுத்தில் வைத்தார். 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மாயவித்தைக் குழு முட்டாளை முன்னால் கொண்டுவந்து ஆலெப் கொடுத்தது, எல்லாம் ஒரு படி தள்ளிப்போய் ஹை பிரீஸ்டஸுக்குக் கிமெல் ஆனது. லெவி கணக்கில் பார்த்தால் உங்கள் காட்சிக்கு 'வீடு' என்று பொருள், ஏனென்றால் பேத் என்றால் வீடு. கோல்டன் டான் கணக்கில் ஒட்டகம். வீட்டுக்குள் வந்துவிட்டீர்களா, பாலைவனத்தில் நடக்கிறீர்களா? எந்தப் புத்தகத்தை முதலில் திறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது!

தூண் விஷயம் இன்னும் வேடிக்கை. நீங்கள் பார்த்த படம் 1909இல் வெய்ட் என்ற எழுத்தாளர் சொல்லி ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது, இருவருமே கோல்டன் டானில் இருந்தவர்கள். தூண்களில் இருக்கும் B, J என்ற இரண்டு எழுத்தும் போவாஸ், யாகீன், சாலொமோன் ஆலயத்து வாசல் தூண்களின் பெயர். 1 இராஜாக்கள் ஏழாம் அதிகாரத்தில் இரண்டுமே வெண்கலம், கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை. வலப்புறம் யாகீன், இடப்புறம் போவாஸ் என்று இருக்கிறது. ஆலயம் கிழக்கு பார்த்தது, எபிரெயத்தில் வலம் என்றால் தெற்கும்கூட. ஆகவே உள்ளேயிருந்து வெளியே பார்க்கிறவனுக்குத்தான் யாகீன் வலக்கைப் பக்கம். வெளியிலிருந்து நுழைகிறவனுக்கு அது இடக்கைப் பக்கம். அட்டையில் யாகீன்தான் வெள்ளை. உங்களுக்கு வெள்ளை இடப்பக்கம் தெரிந்திருக்கிறது.

அதாவது கிமெல்13 கணக்கில் நீங்கள் திரைக்கு உள்ளே நிற்கிறீர்கள், பைபிள் கணக்கில் வாசலுக்கு வெளியே நிற்கிறீர்கள். இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது. என் தகராறே இதுதான், எதைக் கொடுத்தாலும் பொருந்துகிறது.

மூன்றாம்படி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தூக்கம் சரியாக இருக்கிறதா? உட்காராத நேரத்திலும் காட்சியோ குரலோ வருகிறதா? வந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், அட்டை எங்கேயும் ஓடிவிடாது. வெட்கப்பட ஒன்றுமில்லை. யூதர்களின் பழைய நூலான தால்முதிலேயே நான்கு பேர் தோட்டத்துக்குள், அதாவது மறைஞானக் காட்சிக்குள், போன கதை இருக்கிறது, பென் அஸ்ஸாய் செத்துப்போனார், பென் ஸோமாவுக்குப் புத்தி கலங்கியது, ஒருவர் செடிகளை வெட்டினார், ரபி அகிவா மட்டும்தான் நல்லபடியாகத் திரும்பினார். எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட ரதக் காட்சியைப் பற்றி, தானாகப் புரிந்துகொள்ளும் அறிவாளியாக இல்லாவிட்டால், ஒரே ஒருவருக்குக்கூடச் சொல்லித்தரக் கூடாது என்று தால்முதுக்கு அடிப்படையான மிஷ்னாவில் விதி வைத்தவர்கள் காரணம் இல்லாமல் வைக்கவில்லை.

ஐந்துவடிவம்

பழைய_அட்டை சொன்ன வரலாறு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1888இல் செய்தது என்பதால் அது உதவாது என்று ஆகிவிடாது. எந்த அளவுகோல் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும், அவ்வளவுதான். பாதி லெவி, பாதி கோல்டன் டான், நடுவில் கொஞ்சம் பைபிள் என்று போனால் நிச்சயம் எல்லாமே பொருந்தும்.

நான் பன்னிரண்டு வருஷமாக இதைச் செய்கிறேன், என் பழக்கத்தைச் சொல்கிறேன். கோல்டன் டான் ஆட்கள் காட்சிக்குள் போக ஐந்து தத்துவ வடிவங்களை வைத்திருந்தார்கள், நம் பக்கத்துச் சரக்குதான்: மஞ்சள் சதுரம் பிருத்வி, வெள்ளிப் பிறை அப்பு, சிவப்பு முக்கோணம் தேஜஸ், நீல வட்டம் வாயு, கருமையான முட்டை வடிவம் ஆகாசம். ஒன்றை உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி அதையே வாசலாக வைத்து உள்ளே போவது. பிறையை வைத்துப் போனால் தண்ணீர் சார்ந்தது வரவேண்டும். நெருப்பு வந்தால் அதைப் பாராட்ட மாட்டார்கள், சந்தேகப்படுவார்கள். எதிரே வருகிற உருவத்தையும் உரிய எழுத்தையோ சைகையையோ காட்டிச் சோதிப்பார்கள், கலைந்துபோனால் அது நம் மனசின் இட்டுக்கட்டு. வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்கிற கூட்டம் இல்லை அது. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்கிற நிறையப் பேர் இந்தச் சோதனைப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள், ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

வெறுங்கால், உங்களிடம் மூன்று கேள்வி. காட்சியை அன்றன்றைக்கு எழுதி வைத்தீர்களா? அட்டையைத் தேடிப் பார்த்தது எத்தனையாவது தடவைக்குப் பிறகு? அட்டையில் இல்லாதது எது எது? எனக்கு மூன்றாவதுதான் முக்கியம். தூணும் பெண்ணும் அட்டையிலேயே இருக்கிறது, அது உங்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்பதைத்தான் நான் பிடித்துக்கொள்வேன்.

இன்னொன்று. மூன்றாம்படி தோட்டக் கதையைச் சொன்னார், ஆனால் பாதியில் விட்டுவிட்டார். உள்ளே போகுமுன் அகிவா மற்ற மூன்று பேரிடம் சொன்னது: 'சுத்தமான பளிங்குக் கல் இருக்கும் இடத்துக்கு வரும்போது தண்ணீர், தண்ணீர் என்று சொல்லாதீர்கள்.' இதை ஏற்கெனவே எங்காவது படித்திருக்கிறீர்களா?

பழைய_அட்டை

அட, அந்த வரி எனக்கு ஏன் தோன்றவில்லை! தால்முதின் ஹகிகா பகுதியில் 14ஆம் ஏட்டில் இருக்கிறது. விண்ணுலகின் ஆறாம் மாளிகையின் வாசலில் பளிங்கு தண்ணீர் அலை மாதிரி தெரியும், ஏமாந்து 'இது என்ன தண்ணீர்' என்று கேட்டவன் தொலைந்தான் என்று ஹெகலோத் என்ற பழைய யூதக் காட்சி நூல்களிலும் வரும். இதெல்லாம் டாரட்டுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முந்தியது இல்லை என்றாலும் பல நூறு வருஷம் முந்தியது. சந்தேகம் என்னவோ எனக்குப் போகவில்லை, மொசைக் தரையைப் பார்த்துத் தண்ணீர் என்று நினைக்காதவர் யார். ஆனால் அட்டையைவிட இது சுவாரசியம்.

வெறுங்கால்

பதில் போட இரண்டு நாள் ஆகிவிட்டது, நோட்டைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. தூக்கம் நன்றாக இருக்கிறது மூன்றாம்படி, உட்காராத நேரத்தில் எதுவும் வருவதில்லை. அகிவா பெயரையே இங்கேதான் முதல்முறை கேள்விப்படுகிறேன்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முதல் நாள் எழுதியதில் தூணுக்கு நிறமே இல்லை. 'ரெண்டு தூண்' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அன்றைக்கு இரவே கூகுளில் தேடியிருக்கிறேன், ஹிஸ்டரியில் தேதி இருக்கிறது. கறுப்பும் வெள்ளையும் இரண்டாவது தடவைதான் வருகிறது. அப்புறம் சாவி. மூன்றாம் நாள் குறிப்பில் 'ஏதோ உலோகம் விழுந்த சத்தம்' என்று நீல மையில் இருக்கிறது. 'சாவிக்கொத்து?' என்பது மேலே இடுக்கில் கறுப்பு மையில், கேள்விக்குறியோடு. எப்போது சேர்த்தேன் என்று சத்தியமாக நினைவில்லை, ஆனால் இங்கே கேள்வி எழுதும்போது சாவி என்றே காதில் கேட்டது.

கிமெல்13

சரி, ஹைரோஃபன்ட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் :) திரைக்கு அந்தப் பக்கம் என்றதையும் சேர்த்தே வாபஸ், நிறமே இல்லையென்றால் இடம் வலம் எங்கே வரும்.

ஆனால் ஒன்று, தேடிப் பார்த்த பிறகு நிறம் வந்ததால் அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 16ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் யோசேப் காரோவுக்கு மகிட் என்ற குரல் அவர் வாயிலிருந்தேதான் பேசியது, தன்னைச் சொல்லிக்கொண்டதும் அவர் அல்லும் பகலும் படித்துக்கொண்டிருந்த மிஷ்னா என்றுதான். அதற்காக அவர் அதை ஒதுக்கவில்லை, நாட்குறிப்பாக எழுதி வைத்தார். உள்ளே என்ன போட்டோமோ அதை வைத்துத்தான் காட்சி பேசும். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது முதல் நாளே இருக்கிறதா?

வெறுங்கால்

பெண் என்றே இல்லை. 'யாரோ உட்கார்ந்திருக்காங்க, அந்தப் பக்கம் பார்த்து' என்றுதான் இருக்கிறது.

மூன்று நாளும் ஒரே மாதிரி, கிட்டத்தட்ட அதே வார்த்தையில் இருப்பது தரை மட்டும்தான். முதல் நாள் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'தண்ணி இல்ல. தண்ணின்னு நெனச்சேன். கல்லு.' ஐந்துவடிவம் கேட்டபடி அட்டையில் இல்லாதது எது என்று பார்த்தால், காலடியில் அவருடைய அங்கியே தண்ணீர் மாதிரி வழிகிறது, ஆனால் கல் தரை இல்லை.

அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இந்த வாரம் பிறை வடிவத்தை வைத்து உட்காரலாமா, இல்லை எதையும் வைக்காமல் உட்கார்ந்து தரை வருகிறதா என்று மட்டும் பார்க்கலாமா?

ஐந்துவடிவம்

எதையும் வைக்காமல். பிறை வைத்தால் தண்ணீர் வரும், அப்புறம் அது எங்கிருந்து வந்தது என்று மறுபடி நோட்டைப் புரட்ட வேண்டும். எழுதும்போது ஒரே பேனா வைத்துக்கொள்ளுங்கள்.