கிளை மேலாளரைப் பற்றி எச்.ஆர். (மனிதவள) துறையிடம் சொல்லலாமா?

வடுவூரான்:
மன்னார்குடியில் ஒரு நுண்கடன் நிறுவனக் கிளையில் களப் பணியாளராக இருக்கிறேன். ஐப்பசி மழையில் சம்பா நடவு மூழ்கிய ஊர்களில் மகளிர் குழுக்கள் தவணை கட்டத் தடுமாறும்போது, குறைகிற தொகையை நாங்கள் கைக்காசு போட்டு அடைத்துவிட்டுத்தான் கிளைக்குத் திரும்ப வேண்டும் என்று மேலாளர் கட்டாயப்படுத்துகிறார். மறுப்பவரை மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். இரவு எட்டு மணிக்குக்கூட வாடிக்கையாளர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். சென்னைத் தலைமையகத்திலிருந்து அடுத்த வாரம் வரவிருக்கும் எச்.ஆர். அதிகாரி, "மனம் விட்டுப் பேசுங்கள், வெளியே போகாது" என்கிறார். நம்பலாமா?

குடந்தைவாசி:
மனிதவளத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், "வெளியே போகாது" என்ற சொல்லை நம்பாதீர்கள். அந்த அதிகாரி பொல்லாதவர் என்பதற்காகச் சொல்லவில்லை. புகார் வந்தால் விசாரிக்க வேண்டும், விசாரித்தால் மேலாளரிடம் விளக்கம் கேட்க வேண்டும், கிளையில் இருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். சொன்னது யார் என்று அவர் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகாது.

அந்தத் துறைக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். உங்கள் மனவருத்தத்தை மட்டும் சொன்னால் "அனுசரித்துப் போங்கள்" என்பதோடு முடிந்துவிடும். நிறுவனத்துக்கு வரப்போகும் வில்லங்கத்தைக் காட்டினால் கோப்பு நகரும். ஆகவே ஏச்சைப் பின்னுக்குத் தள்ளிக் கைக்காசு விவகாரத்தை முன்னுக்கு வையுங்கள். வாடிக்கையாளர் கட்டாத தவணையை நீங்கள் கட்டியதும் கணக்கில் அவர் ஒழுங்காகக் கட்டியவராகிவிடுகிறார். அந்தப் பொய்தான் யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று பதிவு வைக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் போகிறது, அதை நம்பித்தான் அவருக்கு அடுத்த கடனும் கொடுக்கப்படுகிறது. இரவு வசூலும் சிறிய விஷயமன்று. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகள், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைப்பதையே கடுமையான வசூல் முறை என்று தடுத்திருக்கின்றன. தேதி, குழு, தொகை ஆகியவற்றோடு மின்னஞ்சலில் எழுதி, உள்தணிக்கைப் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கீழவாசல்காரர்:
தொழிற்சங்கப் பழக்கம் உள்ளவன் நான். மேலே சொன்னதில் ஒரு கண்ணி இருக்கிறது: கைக்காசு போட்டு, வாடிக்கையாளர் கட்டியதாக ரசீதும் போட்டவர் வடுவூராரே. "நான் சொல்லவே இல்லை, இவர்தான் பொய் ரசீது போட்டார்" என்று மேலாளர் ஒரே வரியில் திருப்பிவிடுவார். எனவே யாருடைய கட்டளையின் பேரில் செய்தீர்கள் என்பதை, அதைக் காட்டும் குரல் பதிவு இருந்தால் இணைத்து, புகாரின் முதல் பத்தியிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். ஆதாரம் என்று எண்ணி வாடிக்கையாளர் பட்டியலை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள், அதையே குற்றச்சாட்டாக்குவார்கள்.

எவ்வளவு நெருக்கினாலும் இராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆவது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ இல்லாமலும் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு உண்டு. நீங்களே விலகிவிட்டால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும்.

திருவாரூர் சகோதரி:
அந்த ஏச்சில் பெண் பணியாளர்களைக் குறித்த ஆபாசப் பேச்சு இருந்தால், அது எச்.ஆர். அதிகாரியோடு தனியே பேசித் தீர்க்கும் விஷயமே அன்று. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண் ஒருவர் தலைமையில், வெளி உறுப்பினரும் உள்ள, நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் பாதிக்கப்பட்டவர் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். சிறிய நிறுவனம் என்று குழு அமைக்காமல் இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது.

வடுவூரான்:
மூவருக்கும் நன்றி. ரசீது விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் அதிகாரி வரும் நாளில் வாய் திறக்காமல் இருந்துவிடலாமா?

குடந்தைவாசி:
வேண்டாம், பிறகு "நேரில் கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லையே" என்பார்கள். மின்னஞ்சலை முதல் நாளே அனுப்பிவிட்டு, அதில் உள்ளதை மட்டும் பேசுங்கள். அன்று மாலையே "இன்று தங்களிடம் தெரிவித்தவை" என்று தலைப்பிட்டு அவருக்கு நான்கு வரி எழுதிவிடுங்கள்.