ஜாம்பூரி செலக்‌ஷனுக்கு அமைதியான பிள்ளையை அனுப்பலாமோ? (போலந்து 2027)

வதனி

வணக்கம் எல்லாருக்கும். மகளுக்கு இப்ப 13 வயசு, ஸ்கவுட்ஸில இருந்து அடுத்த வயசுப் பிரிவான எக்ஸ்ப்ளோரருக்கு மாறப்போறாள். 2027 யூலை முடிவில போலந்தில க்டான்ஸ்க் பக்கம் வேர்ல்ட் ஸ்கவுட் ஜாம்பூரி, அதாவது எல்லா நாட்டுச் சாரணர்களும் கூடுற பெரிய முகாம் நடக்குது, இஞ்ச பிரித்தானியாவில எங்கட கவுண்டியில (ஸ்கவுட்ஸின்ர வட்டாரப் பிரிவு) இருந்து பிள்ளையளைத் தெரிவு செய்யப்போறம், விருப்பமெண்டா விண்ணப்பியுங்கோ எண்டு ஈமெயில் வந்தது. அண்டையில இருந்து போகோணும் போகோணும் எண்டு நிக்கிறாள். எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இதுபற்றித் தெரியாது, இவளின்ர அப்பா மட்டும் யாழ்ப்பாணத்தில படிக்கேக்க கொஞ்சக் காலம் சாரணர் இயக்கத்தில இருந்தவர், அது வேற காலம்.

பிள்ளை டென்ட் அடிக்கிறது, சமைக்கிறது, மேப் பாத்து நடக்கிறது எல்லாம் வடிவாச் செய்வாள். ஆனா புது ஆக்களோட வாய் திறக்க நேரமெடுக்கும். அவளின்ர ட்ரூப்பில இருந்து போற மற்றப் பிள்ளையள் மேடையில நிண்டு கதைக்கிற பிள்ளையள், சட்டைக் கை முழுக்க பேட்ஜ். இவளுக்கு பேட்ஜும் குறைவு. இன்டர்வியூவுக்கு கேள்வி பதில் எழுதிப் பாடமாக்க விடட்டோ? காசு எவ்வளவு தூரம் இழுக்கும்? அதோட 2023ல கொரியாவில நடந்த ஜாம்பூரியில பிள்ளையள் பட்ட பாட்டை நியூஸில பாத்தனான், நினைச்சா இப்பவும் பயமாக் கிடக்கு. பிள்ளையளை அனுப்பினாக்கள், லீடரா இருக்கிறாக்கள் ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ.

சேகர் (எக்ஸ்ப்ளோரர் லீடர்)

வதனி அக்கா, நான் இங்க ஒரு எக்ஸ்ப்ளோரர் யூனிட்ல லீடர், எங்க கவுண்டி செலக்‌ஷன் டீம்லயும் இருக்கேன். ஒவ்வொரு கவுண்டியும் அதது வசதிப்படி நடத்தும், ஒரு இடத்துல ஒரே நாள்ல முடிச்சிருவாங்க, இன்னொரு இடத்துல ராத்திரி தங்க வெச்சு வீக்கெண்ட் முழுக்க பாப்பாங்க, அதனால நான் சொல்றத எங்க கவுண்டி நடைமுறையா மட்டும் எடுத்துக்குங்க.

ஜாம்பூரில ஒரு யூனிட்னா 36 பசங்க, 4 லீடர்ஸ். அந்த 36 பேரும் ஒன்பது ஒன்பது பேரா நாலு பேட்ரோல். ஜூலை 30ல இருந்து ஆகஸ்ட் 8 வரைக்கும் அந்த ஒன்பது பேரும் ஒண்ணா சமைச்சு ஒண்ணா பாத்திரம் கழுவி ஒண்ணா மழைல நனையணும், அதுக்கு முன்னாடி பயிற்சி கேம்ப், காசு சேக்கறதுன்னு மாசக்கணக்கா சேந்தே அலையணும். ஒன்பது பேரும் மைக் பிடிக்கற பசங்களா இருந்தா அந்த பேட்ரோல் சீக்கிரமே சண்டைல உடைஞ்சிரும். அதனால செலக்‌ஷன்ல நாங்க உக்காந்து யோசிக்கறது இந்த 36 பேரும் சேந்தா என்ன ஆகும்னுதான். வயசும் கலந்து இருக்கணும், ஜாம்பூரி நடக்கறப்போ 14 முடிஞ்சிருக்கணும் 18 ஆகக்கூடாது, உங்க பொண்ணு அப்போ 15, சரியான நடு வயசு.

அன்னிக்கு என்ன நடக்கும்னா, பேருக்கு பதிலா நம்பர் போட்ட பிப் (சட்டைக்கு மேல மாட்டற துணி) குடுத்து, முன்னப்பின்ன தெரியாத பசங்களோட ஒரு குரூப்ல போடுவோம். பலகையும் கயிறும் குடுத்து ஒரு இடத்தைக் கடக்கச் சொல்லுவோம், கேஸ் அடுப்புல மதியச் சாப்பாடு சமைக்கச் சொல்லுவோம், ஒரு விஷயத்தைக் குடுத்து பேசி முடிவுக்கு வரச் சொல்லுவோம், நடுவுல ஒவ்வொருத்தரா கூப்பிட்டு கொஞ்ச நேரம் பேசுவோம். பலகை விளையாட்டுல ஜெயிச்சாங்களா இல்லையாங்கறதுக்கு மார்க்கே கிடையாது. பாஸ்தா அடிப்பிடிச்சா யாரு யாரைக் குத்தம் சொல்றாங்க, யாரு பேசாம பாத்திரத்தை எடுத்துட்டுப் போயி ஊற வைக்கறாங்க, ஓரமா நிக்கற பையனை யாரு உள்ள இழுக்கறாங்க, இதெல்லாம்தான் நாங்க குறிச்சுக்கறது. நாள் முழுக்க அழகா பேசற பசங்க இருப்பாங்க, ஆனா இன்னொரு சின்னப் புள்ள ஒரு யோசனை சொன்னா காதுலயே வாங்க மாட்டாங்க, அவங்க மார்க் எங்க ஷீட்ல கடகடன்னு இறங்கும். வாயே திறக்காத புள்ளைங்க இருப்பாங்க, கயிறு எங்க நழுவுதுன்னு மொதல்ல பாக்கறது அவங்களாத்தான் இருக்கும். அந்த மாதிரி புள்ளைங்களை நாங்க எடுத்திருக்கோம்.

பேட்ஜ் பத்தி. இந்தியாவுல பாரத் சாரணர் சாரணியர் இயக்கத்துல திரிதிய சோபான், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருதுன்னு படிப்படியா ஏறி வந்ததுக்குப் பெரிய மதிப்பு உண்டு, நானும் அப்படி வந்தவன்தான், அந்த உழைப்பை குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா இங்க எங்க செலக்‌ஷன்ல பேட்ஜை எண்ணறதில்ல.

பாடமாக்க மட்டும் விடாதீங்க அக்கா, தயவுசெஞ்சு. "ஏன் போகணும்"னு கேட்டா "மத்த கலாச்சாரங்களைத் தெரிஞ்சுக்கணும்"னு வரிசையா எல்லாப் பசங்களும் ஒரே பதிலைச் சொல்லும், யாரு வீட்டுல எழுதிக் குடுத்தாங்கன்னு உடனே தெரிஞ்சிரும். அதுக்கு பதிலா அந்த இடத்தைப் பத்தி அவளே தேடிப் படிக்கட்டும். கேம்ப் நடக்கப்போறது சொபியெஷேவோன்னு ஒரு தீவு, விஸ்துலா ஆறு பால்டிக் கடல்ல சேர்ற பக்கம். அந்தக் கடற்கரையில அம்பர் கல் ஒதுங்கும், ரெண்டாம் உலகப்போர் 1939 செப்டம்பர் 1 அன்னிக்கு ஆரம்பிச்ச வெஸ்டர்பிளாட்டேயும் அதே க்டான்ஸ்க் ஊர்தான், 1980ல சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறந்த கப்பல் கட்டற தளமும் அங்கதான். இதுல ஏதாவது ஒண்ணு அவளை நிஜமாவே பிடிச்சிழுத்தா, அதைப் பத்தி ரெண்டு வரி திக்கித் திணறி சொன்னாலும் போதும், எதிர்ல உக்காந்திருக்கறவங்க பேனாவை கீழ வெச்சிட்டு கேப்பாங்க.

ரவிச்சந்திரன்

தங்கச்சி, என்ர மகன் கொரியாவுக்குப் போனவன், அதால அந்தப் பக்கத்தை நான் சொல்லுறன்.

கேம்ப் நடந்த செமாங்கும் எண்டுறது கடலை நிரப்பி எடுத்த நிலம். மரம் இல்லை, நிழல் இல்லை, மழைத் தண்ணி வடிய வழியில்லை. வெக்கை 35 பாகைக்குக் கிட்ட. கிட்டத்தட்ட 43,000 பேர். கழிவறை துப்பரவு, சாப்பாடு, மருத்துவ வசதி ஒண்டும் காணாது எண்டு பிரித்தானியக் குழு, அதுதான் ஆகப்பெரிய குழு, ஏறத்தாழ 4,500 பேர், நாலஞ்சு நாளில வெளிக்கிட்டு சோல் நகரத்து ஹோட்டல்களுக்கு மாறிட்டுது. அதுக்குச் செலவழிச்ச காசு பத்து லட்சம் பவுண்டுக்கு மேல, ஸ்கவுட்ஸின்ர சேமிப்பில இருந்து போனது. பிறகு கானுன் சூறாவளி வருது எண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி மிச்ச எல்லாரையும் அந்த இடத்தால எழுப்பினவை. நாங்கள் இஞ்ச இருந்து போனும் கையுமா நித்திரையில்லாமல் கிடந்தம். உங்கட பயம் எனக்கு நல்லா விளங்குது.

ஆனா ஒண்டு. சோலுக்கு வந்தாப்பிறகு ஒரு அறையில கனபேர் நெருக்குப்பட்டுப் படுத்து, திட்டம் எல்லாம் குழம்பி, நாளைக்கு எங்க போறம் எண்டே தெரியாத நிலைமை, அப்ப அந்த யூனிட்டைத் தாங்கினது ஆர் எண்டு மகனைக் கேட்டா, கேம்ப்ஃபயரில பாட்டுப் பாடின பெடியன்ர பேரை அவன் சொல்லமாட்டான், வீட்டு நினைப்பில அழுத பிள்ளையளுக்குப் பக்கத்தில போய்ப் பேசாமல் இருந்த ஒரு பிள்ளையின்ர பேரைத்தான் சொல்லுவான். சேகர் சொல்லுற தெரிவு முறைக்கு அதுதான் அர்த்தம் எண்டு நான் நினைக்கிறன். அந்த யூனிட்டுப் பிள்ளையள் இண்டைக்கும் ஒண்டாத்தான் திரியினம்.

போலந்து பால்டிக் கரை, ஓகஸ்டில கொரியா மாதிரிக் கொதிக்காது. எண்டாலும் பெற்றோர் கூட்டத்தில தண்ணி, நிழல், கழிவறை, டாக்டர், அவசரமெண்டா எங்க மாத்துவியள், இதெல்லாத்தையும் கூச்சப்படாமல் கேளுங்கோ. கேக்கிறது எங்கட உரிமை.

காசு சில ஆயிரம் பவுண்ட் வரும், மறைக்க ஒண்டும் இல்லை. நாடுகளின்ர வருமானத்தைப் பாத்துத்தான் கட்டணம் வகுக்கிறவை, வசதி குறைஞ்ச நாட்டுப் பிள்ளையளும் வரோணும் எண்டு, அதால இஞ்ச கூட. ஆனா முழுக்க உங்கட பொக்கற்றால போகாது. சூப்பர்மார்க்கெட்டில பை கட்டிக் குடுக்கிறது, கேக் விக்கிறது, காசு சேர்க்கிற நடை எண்டு பிள்ளையளே உழைப்பினம். நாங்கள் கோயில் தேருக்கு ரோல்ஸும் வடையும் போட்டு வித்தனாங்கள், மகனின்ர யூனிட்டில இருந்த வெள்ளைக்காரப் பிள்ளையள் எல்லாம் வந்து சட்டி கழுவிச்சினம், அண்டைக்கு வந்த காசு ஒருத்தரும் எதிர்பார்க்காதது. ரோட்டரி, லயன்ஸ் கழகங்களுக்கும் பிள்ளை தானே கடிதம் எழுதலாம். கஷ்டமெண்டா லீடரோட தனியக் கதையுங்கோ, மாவட்டத்தில கவுண்டியில உதவி நிதி இருக்கிற இடங்கள் உண்டு.

மீனாட்சி

எல்லாரும் நல்லதாவே சொல்றீங்க, நான் மறுபக்கத்தையும் சொல்லிடறேன், ஏன்னா வதனி அதுக்கும் தயாரா இருக்கணும்.

சேகர் சொல்ற மாதிரி பாத்துப் பாத்து எடுக்கற டீம் எல்லா இடத்துலயும் இல்லைங்க. என் பையனும் அமைதியான பையன். அவனுக்கு நடந்த செலக்‌ஷன் அரை நாள். ஒரு குரூப் டிஸ்கஷன், அதுல சத்தமா பேசின மூணு பேரே முழு நேரத்தையும் எடுத்துக்கிட்டாங்க, நடத்தினவங்க யாரும் அவங்கள நிறுத்தல. அப்புறம் சின்னதா ஒரு இன்டர்வியூ. கிடைக்கலன்னு ரெண்டு வரி ஈமெயில், ஏன்னு ஒரு வார்த்தை இல்ல. 14 வயசுப் பையன் அதைப் படிச்சிட்டு "நான் பேசாததாலயாம்மா"ன்னு கேட்டப்போ எனக்கு பதில் சொல்ல முடியல, இப்பவும் கோவம் தீரல. அமைதியான புள்ளை பழகறதுக்கே அரை நாள் வேணும், அதுக்குள்ள நீங்க மார்க் போட்டு முடிச்சா அது யாருக்கு நியாயம்? வாராவாரம் பாக்கற ட்ரூப் லீடர்கிட்ட ஒரு ரிப்போர்ட் வாங்கினா என்ன குறைஞ்சிடும்? கிடைக்காத புள்ளைக்கு அவன் எதை நல்லா செஞ்சான்னு நாலு வரி எழுதறது அவ்ளோ கஷ்டமா?

காசு விஷயத்துலயும் பாருங்க, ரவி அண்ணா வீட்டுல கோயில் இருந்துச்சு, சொந்தக்காரங்க இருந்தாங்க. ஷிப்ட் வேலைக்குப் போற தனி அம்மா என்ன செய்வாங்க, கேம்ப்புக்கு கார்ல கொண்டு விடவே ஆள் இல்லையே. அந்தப் புள்ளைங்க விண்ணப்பமே போடறதில்ல, அவங்க விடுபட்டது எந்த ஷீட்லயும் வராது.

கிடைக்கலன்னா உலகம் முடியல, அதையும் சொல்றேன். அடுத்த கோடைல அவன் யூனிட்டோட சுவிட்சர்லாந்துல காண்டர்ஸ்டெக் ஸ்கவுட் சென்டருக்குப் போனான், 1923ல இருந்து நடக்கற இடம், எந்தெந்த நாட்டுப் பசங்களோ ஒரே மலையடிவாரத்துல கூடாரம் போட்டிருக்காங்க. அதுக்கு யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கல, யூனிட் முழுசுமே சேந்து போனாங்க. 18 ஆனதும் ஜாம்பூரிக்கு இன்டர்நேஷனல் சர்வீஸ் டீம்ல வேலை செய்யப் போலாம்னு இப்ப அவனே சொல்றான்.

சேகர் (எக்ஸ்ப்ளோரர் லீடர்)

மீனாட்சி அக்கா சொன்னதுல ஒரு வார்த்தை கூட நான் மறுக்க மாட்டேன். ட்ரூப் லீடர் ரிப்போர்ட் எங்க பக்கம் ஃபார்ம்லயே இருக்கு, இல்லாத கவுண்டி இருந்தா பெத்தவங்க எழுதிக் கேளுங்க, நாங்க எல்லாரும் சம்பளமில்லாம செய்யறோம்ங்கறது புள்ளைங்களுக்கு பதில் சொல்லாம இருக்கறதுக்கு காரணம் ஆகாது. எடுக்க முடியாத புள்ளைங்களுக்கு எழுதறதுதான் இந்த வேலையிலயே ரொம்ப கஷ்டமான ராத்திரி, அதைத் தள்ளிப்போட்டுட்டு ஒரே மாதிரி ஈமெயில் அனுப்பறது தப்பு.

கார் விஷயம், எங்க யூனிட்ல கேம்ப்புக்கு யாரு யாரைக் கூட்டிட்டு வர்றாங்கன்னு லிஸ்ட் நாங்களே போடறோம். கேக்க கூச்சப்படற வீடுகளுக்கு லீடர்தான் முதல்ல போன் பண்ணணும்.

வதனி

எல்லாருக்கும் பெரிய நன்றி. மகளுக்கு வாசிச்சுக் காட்டினனான், மீனாட்சி அக்கா எழுதினதை ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னாள். கிடைக்காட்டியும் பரவாயில்லை, நான் போடுறன் எண்டு சொல்லிட்டாள். இன்னும் ரெண்டு கேள்வி. எங்கட வீடு மரக்கறி, அது செலக்‌ஷனைப் பாதிக்குமோ? அதோட ட்ரூப் லீடரோட நான் முதல் கதைக்கிறதோ, அவளே கதைக்கிறதோ நல்லது?

சேகர் (எக்ஸ்ப்ளோரர் லீடர்)

மரக்கறி பிரச்சனையே இல்ல, ஃபார்ம்ல தெளிவா எழுதிடுங்க, முட்டை சாப்பிடுவாளா மாட்டாளாங்கறது வரைக்கும். எல்லா மதத்துப் புள்ளைங்களும் வர்ற இடம், சமையல் லிஸ்ட் போடறவங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சா போதும்.

லீடர்கிட்ட அவளே பேசட்டும். நேர்ல கஷ்டம்னா ஈமெயில் எழுதட்டும், நீங்க திருத்தாதீங்க, எழுத்துப்பிழை இருந்தா இருக்கட்டும். சம்மதக் கையெழுத்தும் காசு பேச்சும் மட்டும் உங்க வேலை. விண்ணப்பத்தை கடைசி நாள் வரைக்கும் வெச்சிருக்காதீங்க. லீடர் ரிப்போர்ட் எழுதறதுக்கு ஒரு வாரமாவது குடுங்க.

ரவிச்சந்திரன்

தங்கச்சி, பிள்ளைக்கு இடம் கிடைச்சால் எனக்கு மெசேஜ் போடுங்கோ. ரோல்ஸ் போட்ட பெரிய தாச்சியும் கேஸ் அடுப்பும் இன்னும் எங்கட கராஜில கிடக்கு, யூனிட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். கிடைக்காட்டியும் போடுங்கோ, அவளின்ர எக்ஸ்ப்ளோரர் யூனிட் காண்டர்ஸ்டெக் போறதுக்குக் காசு சேர்த்தாலும் அதே தாச்சி காணும்.