13 குடுத்தா -1101 வருது, யாராவது பாருங்க ப்ளீஸ்

நள்ளிரவு_நிரல்: எண்ணை வேற பேஸுக்கு (அடிமானத்துக்கு) மாத்துற புரோகிராம். வகுத்து வகுத்து மீதியை அரேல போட்டு, கடைசிலேர்ந்து பிரின்ட் பண்றேன். 4-க்கு 100, 5-க்கு 101, ரெண்டும் சரி. 13-க்கு மட்டும் -1101. மைனஸ் எங்கேர்ந்து வருது? காலைல சப்மிட் பண்ணணும்.

பைட்டுப்பூச்சி: எந்த லாங்குவேஜ்? கோடு எங்க?

டீக்கடை_பெஞ்சு: 1101 சரிதானே பாஸ். மைனஸ் வருதுன்னா டைப் பிரச்சினை. அன்சைன்டு (மைனஸே இல்லாத டைப்) ஆக்குங்க, ஓடிப்போயிடும்.

நள்ளிரவு_நிரல்: சி தான். அன்சைன்டு ஆக்கினேன், இப்ப 13-ன்னே பிரின்ட் ஆகுது 😭

டீக்கடை_பெஞ்சு: அப்ப கம்பைலரை மாத்திப் பாருங்க.

மீதிச்சோறு: கம்பைலரை விடுங்க. பழையபடி வச்சு 6 குடுத்துப் பாருங்க தம்பி.

நள்ளிரவு_நிரல்: 1-10 வருதுண்ணா.

மீதிச்சோறு: நடுவுல மைனஸா! அப்ப அது எண்ணோட மைனஸ் இல்ல, ஓர் இலக்கமே -1. எந்த பேஸ்?

நள்ளிரவு_நிரல்: -2. சொல்லலையா?

கணக்கு_வாத்தி: இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் இருட்டில் துழாவியிருக்க வேண்டாம். அடிமானம் -2 புதுசும் இல்லை, கணிதர் குருன்வால்ட் 1885-லேயே எழுதிவிட்டார். படித்துவிட்டு வந்து கேட்கலாம்.

மீதிச்சோறு: சார், பையன் காலைல சப்மிட் பண்ணணும். தம்பி, கடைசிப் படியைப் பாருங்க. -1-ஐ -2-ஆல வகுத்தா சி-ல ஈவு 0, மீதி -1. அதையே ஈவு 1, மீதி 1-ன்னும் எழுதலாம்: -2 + 1 = -1. அதனால மீதி மைனஸா வந்தா அதோட 2 கூட்டுங்க, ஈவோட 1 கூட்டுங்க. 13-க்கு 11101 வரணும். இடமதிப்பு 16, -8, 4, -2, 1: 16 - 8 + 4 + 0 + 1.

டீக்கடை_பெஞ்சு: பைத்தான்ல எழுதியிருந்தா இந்தத் தலைவலியே இல்ல.

பைட்டுப்பூச்சி: யார் சொன்னது? அங்க வகுக்கிற எண் மைனஸ்னா மீதி 0 வரும், இல்லன்னா -1 வரும். 5-க்கே உதைக்கும்.

டீக்கடை_பெஞ்சு: அது கணக்குப்படி ஒழுங்கான மீதி. சி-ல பாதி நேரம் பிளஸ், பாதி நேரம் மைனஸ்.

பைட்டுப்பூச்சி: ஈவைப் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டணும்னு சி99-ல (சி-யோட 1999 தரநிலை) தெளிவா இருக்கு. அதுக்கு முன்னாடிதான் கம்பைலர் இஷ்டம்.

டீக்கடை_பெஞ்சு: சரி, இந்த பேஸை எவன் யூஸ் பண்றான்? ரஷ்யாவோட பழைய கம்ப்யூட்டர் செதூனா?

கணக்கு_வாத்தி: செதூன் சமநிலை மும்மம், அதாவது அடிமானம் 3. -1, 0, 1 அதன் இலக்கங்கள். -2-ல் ஓடியது போலந்தின் பினெக் கணினி. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மீதிச்சோறு: இதுல அழகே, தனியா மைனஸ் குறி வேண்டாம். -13 என்பது 110111. இலக்கங்களோட எண்ணிக்கை ஒற்றைப்படைன்னா மிகை எண், இரட்டைப்படைன்னா குறை எண். சரிபார்க்கவும் வழி இருக்கு: இலக்கங்களைக் கூட்டி 3-ஆல வகுங்க, அசல் எண்ணை 3-ஆல வகுத்தா வர்ற மீதியே வரும். 11101-ல கூட்டினா 4, மீதி 1. 13-க்கும் 1.

டீக்கடை_பெஞ்சு: நம்ம 9 கணக்கு மாதிரி! ஆனா பைத்தான் மீதிதான் சரி.

நள்ளிரவு_நிரல்: வந்துடுச்சுண்ணா. முதல்ல மீதில மட்டும் கூட்டினேன், 1101 வந்துச்சு, மேல சரின்னு சொன்னாங்களேன்னு விட்டுட்டேன். கூட்டிப் பார்த்தா -3. சப்மிட் பண்ணிட்டேன், தூங்கப் போறேன்.

பைட்டுப்பூச்சி: கோடு கடைசி வரைக்கும் போடவே இல்ல.